மவுண்ட் செய்தல்: ஏற்றுதலா, பூட்டுதலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்டூடியோ ஸ்டாண்டில் பெரிய பிலிம் கேமராவை மவுண்ட் செய்வதற்கு (அதன்மேல் நிலையாக நிற்க வைப்பதற்கு) நம் கலைச்சொல் அகராதியில் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை ஏற்றுதல், பொருத்துதல், நிறுவுதல், மாட்டுதல், பூட்டுதல் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. நான் பூட்டுதல் கட்சி. அதற்கு முன் சில மடல்களுக்குப் பதில்.

> மவுண்ட் என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் இருந்தால்தான் அகராதி சீராக இருக்கும்.

ஐயா, ஸ்டூடியோவுக்குள்ளேயே மூன்று மவுண்ட் இருக்கின்றன. கழுவி எடுத்த படத்தை ஒட்டித்தரும் தடித்த அட்டை மவுண்ட். 35 மி.மீ. கேமராவில் லென்சைக் கவ்விப் பிடிக்கும் வாயும் மவுண்ட். கேமராவை ஸ்டாண்டில் நிற்க வைப்பதும் மவுண்ட். முதலாவது ஒட்டுகிற வேலை, இரண்டாவது திருகிச் செருகுகிற வேலை, மூன்றாவதோ மரமும் இரும்பும் சேர்ந்த தச்சு வேலை. மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அகராதி சீராகத்தான் இருக்கும், ஸ்டூடியோவில் வேலை பழகுகிறவர்தான் திண்டாடுவார்.

> கணினியில் ஏற்றுதல் என்றுதானே சொல்கிறோம், இங்கும் அதுவே இருக்கட்டும்.

இங்கேதான் சிக்கல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் செஞ்சுரி நிறுவனம் செய்த ஸ்டாண்டுகளையோ அந்த வகை வேறு ஸ்டாண்டுகளையோ நினைத்துப் பாருங்கள். அடியில் உருளைகள், மேலே கேமரா உட்காரத் தடித்த பலகை. ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றினால் பலகை மேலும் கீழும் போகும், இன்னொன்றைச் சுற்றினால் முன்பக்கம் சாயும். உட்கார வைத்த குழந்தையை எடுக்க இறக்குவார்கள், நிற்கிறவரை எடுக்க ஏற்றுவார்கள். ஸ்டாண்டின் பிழைப்பே இந்த ஏற்றமும் இறக்கமும்தான். "கேமராவை ஏற்று" என்றால் உதவியாளர் சக்கரத்தில்தான் கை வைப்பார். அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். அந்தப் பலகைக்கு ஒருவர் சொன்ன 'ஏற்றமேடை' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிறுவுதல் வேண்டாம். நிறுவியதை மாலையில் யாரும் கழற்றுவதில்லை. மாட்டுதல் என்றால் ஆணியில் சட்டை தொங்குகிற மாதிரி இருக்கிறது. பொருத்துதல் தவறில்லை, ஆனால் எதற்கும் பொருந்தும் சொல். பல்லையும் பொருத்துகிறோம், குழாயையும் பொருத்துகிறோம்.

இனி பூட்டுதல். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். தனித்தனியாக இருக்கும் இரண்டை, வேலை முடியும்வரை ஒன்றாக இழுபடும்படி சேர்த்து, பிறகு அவிழ்த்துவிடுவது. ஸ்டாண்டில் கேமராவுக்கு நடப்பதும் இதேதான். ஈழத்து நண்பர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மின்விசிறியைப் பூட்டுவார்கள், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவார்கள். ஆக, நாம் புதிதாக எதையும் உருவாக்கவில்லை.

> வண்டியைப் பூட்டிவிட்டு வா என்றால் இன்று சாவி போடுவதுதான். குழப்பம் வராதா?

நல்ல கேள்வி. இதற்கு வேற்றுமை உருபே பதில் சொல்கிறது. சாவி போடும்போது எதை என்பது மட்டும் போதும்: கதவைப் பூட்டு, வண்டியைப் பூட்டு. சேர்க்கும்போது எதை, எதில் என்ற இரண்டும் வரும்: மாட்டை வண்டியில் பூட்டு, கேமராவை ஸ்டாண்டில் பூட்டு. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு யாரும் சாவி தேடமாட்டார்கள்.

கலைச்சொல்லோடு வேலையின் விவரத்தையும் நான்கு வரி எழுதி வைக்காவிட்டால் பதிவு பாதிதான் என்பது என் எண்ணம். பழைய ஸ்டூடியோ கேமராக்கள் அந்தந்த ஸ்டாண்டோடு சேர்த்தே செய்யப்பட்டவை. இன்று யாராவது 8×10 அங்குல பிலிம் போடும் டியர்டார்ஃப், சினார் போன்ற பெரிய கேமராவை அதன்மேல் வைக்க நினைத்தால் பலகையில் இருக்கும் துளைக்கும் கேமராவின் அடியில் இருக்கும் துளைக்கும் சம்பந்தமே இருக்காது. பிரிட்டிஷ் பாணி மரக் கேமராக்கள் இன்னும் மோசம். பலவற்றில் அடிப்பலகையிலேயே பித்தளை வளையம் பதித்து, முக்காலியின் கால்களை நேராக அதில் செருகுவார்கள். ஒற்றைத் திருகாணிக்குத் துளையே கிடையாது.

அதனால் நடுவில் ஒரு பலகை தேவைப்படுகிறது. 18 மி.மீ. பிளைவுட்டே போதும். அடிப்பக்கம் ஸ்டாண்டின் துளைக்கு ஏற்ற போல்ட், மேல்பக்கம் கேமராவுக்கான திருகாணி. இதற்கு 'இணைப்புத் தகடு' என்று வந்த பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. அது தகடே இல்லை, மரம். 'பூட்டுப்பலகை' என்று வைத்தால் வேலையும் பொருளும் ஒருசேர வந்துவிடும். ஆணிக்கு 'பூட்டாணி'.

பூட்டாணிக்கு எதிரே அளவையும் போட்டே ஆக வேண்டும். கேமரா அடியில் இருப்பது பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி (திருகின் சுற்று). எடை குறைந்தவற்றில் 1/4 அங்குலம், 20 புரி. ஐ.எஸ்.ஓ. 1222 என்ற சர்வதேசத் தரமும் இந்த இரண்டைத்தான் சொல்கிறது. ஹார்ட்வேர் கடையில் கேட்டால் பக்கத்தில் இருக்கிற மெட்ரிக் போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். 10 மி.மீ. போல்ட் 3/8 துளையில் நுழையாது, அது நல்லதாகப் போயிற்று. 6 மி.மீ. போல்ட்தான் ஆபத்து. 1/4 துளையில் ஓரிரு சுற்று போய் இறுகிவிடும், அதற்குமேல் முறுக்கினால் கேமராவின் மரை போய்விடும். நீளத்தையும் கவனிக்க வேண்டும். துளையின் ஆழத்துக்குமேல் ஆணி நீண்டால் மரக் கேமராவின் அடிப்பலகையை உள்ளிருந்து நெம்பும். நீளம் அதிகமானால் வாஷர் போட்டுக் குறைக்கலாம்.

அப்புறம், ஒரே ஆணியில் பூட்டினால் அது அச்சாகிவிடும், கேமரா அதைச் சுற்றித் திரும்பும். கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியில் பார்த்துக் குவியம் சரிசெய்து, பிலிம் சட்டத்தைப் பின்னால் செருகும்போது கொடுக்கும் அழுத்தமே போதும், முகம் ஓரத்துக்குப் போய்விடும். டியர்டார்ஃப் ஏறத்தாழ ஐந்தரை கிலோ. அதில் துருத்தியை (லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் பகுதி) முழுக்க நீட்டிப் பெரிய லென்சைப் போட்டால் பாரம் முன்னால் போய்விடும். ஆகவே பூட்டாணிக்குப் பின்னால் கேமரா திரும்பாமல் தடுக்கும் ஒரு முளை (சிறு குச்சி), அல்லது கேமராவின் இரு பக்கமும் அணைத்து நிற்கும் மரச்சட்டம். நடுவில் கார்க் தாள். சினார் போல ஒற்றைத் தண்டில் நிற்பவற்றுக்கு இந்த முளையைத் தண்டின் கவ்வியை ஒட்டி வைக்க வேண்டும். பூட்டுப்பலகையில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போட்டால் கேமராவை முன்பின் நகர்த்திப் பாரத்தைச் சமன் செய்யலாம்.

இதில் முளை, நீள்துளை, கவ்வி, சட்டம் எல்லாம் தச்சரிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்கள். அவற்றுக்குப் புதுச்சொல் தேடிப் போக வேண்டாம். முளைக்கு வந்த 'சுழல்தடுப்பு அமைப்பு' என்ற பரிந்துரையைக் கைவிடலாமா? முளை இரண்டெழுத்து.

ஸ்டாண்டு என்ற சொல்லையும் நான் மாற்றமாட்டேன். 'தாங்கி' பொறியியலில் பேரிங்குக்குப் போய்விட்டது. முக்காலி வேறு சாதனம். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமராவை வாங்கிப் படம் எடுத்தவர்கள்கூட ஸ்டாண்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அகராதியில் தலைச்சொல்லாக ஸ்டாண்டே இருக்கட்டும், அதன் மேல்பலகைக்கு மட்டும் ஏற்றமேடை.

என் முன்மொழிவு இவ்வளவுதான்: மவுண்ட் செய்தல் (கேமராவை ஸ்டாண்டில்) என்பதற்குப் பூட்டுதல், நடுப்பலகைக்குப் பூட்டுப்பலகை, ஆணிக்குப் பூட்டாணி. மறுப்பு இருப்பவர்கள் வாக்கியத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள், தனிச்சொல்லை வைத்துச் சண்டை போட்டால் முடியாது.

பி.கு.: மரை, புரி இரண்டையும் மேலே கலந்தே பயன்படுத்தியிருக்கிறேன். எண்ணிக்கை சொல்லும்போது புரி, தேய்வதும் கழல்வதும் மரை. 'மரை கழன்றவன்' என்று ஊரெல்லாம் சொல்லும்போது அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. புரியை எண்ணிக்கைக்கு மட்டும் ஒதுக்கலாமா என்று தச்சுப்பட்டறை பக்கம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்