ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மை: புகார் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும்.

நெல்லை டவுன் ரத வீதியில் ஒரு கடையில் தங்கச்சி மகனுக்கு லைட் எரியும் கார் வாங்கினோம். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லை. நகத்தால் நெம்பினாலே பட்டன் பேட்டரி வெளியே விழுகிறது. பிள்ளை அதை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், நினைத்தாலே பதறுகிறது. அட்டை முழுக்கச் சீன எழுத்து, ஐஎஸ்ஐ முத்திரை எங்கேயும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு, இறக்குமதியானாலும், அந்த முத்திரை கட்டாயம்.

"சரக்கே இப்படித்தான் வருது" என்கிறார் கடைக்காரர். அவரை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. துறைமுகத்திலேயே நின்றிருக்க வேண்டிய சரக்கு இது.

ஐஎஸ்ஐ முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியிலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் கொடுத்தவர்கள் சொல்லுங்கள். பில் இல்லாமல் எடுத்துக்கொள்வார்களா? பொம்மையை நான் பத்திரப்படுத்தி வைக்கணுமா?

அப்புறம், அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு செய்பவர்களுக்கு ஒரு கேள்வி. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பதிவு உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததா?