"எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்றார்கள்

முதன்முதலில் குழந்தையின்மை சிகிச்சைக்குப் போனபோது எனக்கு வயது 36, எடை 91 கிலோ. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ அட்டவணையைத் திருப்பிக் காட்டி, "15 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், ஐவிஎஃப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார் மருத்துவர். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் சோதனைக்குழாய் முறைதான் ஐவிஎஃப். திருட்டில் பிடிபட்டவள்போல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தினமும் நடந்தேன், இனிப்பைத் தொடவில்லை. 11 கிலோ இறங்க 14 மாதங்கள் பிடித்தன. திரும்பிப் போனபோதுதான் சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையே எடுத்தார்கள்: 0.8, குறைவு. முதல் தடவை எடுத்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பது எனக்கு இனித் தெரியவே போவதில்லை. மூன்று சினைமுட்டைகள் கிடைத்தன, ஒன்று கருவானது. அது தங்கவில்லை.

நெதர்லாந்தில் உடல் பருமன் கொண்ட 577 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ஆறு மாதம் வாழ்க்கைமுறை மாற்றம், அதன் பிறகு சிகிச்சை. மறு பாதிக்கு உடனே சிகிச்சை. இரண்டு ஆண்டுகளுக்குள் நிறைமாதத்தில், சுகப்பிரசவமாக, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 27 பேர், இரண்டாவதில் 35 பேர். இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் முதல் பிரிவில் சிகிச்சையே இல்லாமல் கருத்தரித்தவர்கள் அதிகம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கியிருக்கின்றன, நடந்தது வீண் இல்லை. "நான் காத்திருக்கலாமா?" என்று அன்றைக்கே கேட்காமல் வந்ததுதான் உறுத்துகிறது.

*

அக்கா, எனக்கு நேர்மாறாக நடந்தது. பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு, வயது 28, எடை 84. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. ரத்தத்தில் இன்சுலின் கூடும்போது சினைப்பையில் ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது, முட்டை பாதி வளர்ந்து நின்றுவிடுகிறது என்று என் மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிப்படத் தொடங்கிவிடும் என்றார். 6 கிலோ போனதும் மாதவிலக்கு தானாக ஒழுங்குக்கு வந்தது. பிறகு முட்டை வெளிப்பட உதவும் லெட்ரோசோல் மாத்திரை, மூன்றாவது மாதம் கருத்தரித்தேன். ஆனால் 28 வயதில் எனக்குக் கையில் நேரம் இருந்தது. அது என் சாமர்த்தியம் அல்ல.

*

இங்கே ஓர் ஆண் எழுதலாம்தானே? மூன்று ஆண்டுகள் அலைந்தோம். ஒரு தடவைகூட என்னை எடை மெஷினில் ஏற்றியதில்லை. நான் 104 கிலோ, சிகரெட் வேறு. மனைவியின் எடையைப் பற்றி என் முன்னாலேயே பேசினார்கள், நானும் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் என் பக்கம் திரும்பினார். கொழுப்பு கூடினால் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவது கூடும், விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும், எனவே இன்று புகையை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார். விட்டேன். 9 கிலோவும் குறைந்தது. நான்கு மாதம் கழித்து எடுத்த அறிக்கையில் அணுக்களின் அசைவு கூடியிருந்தது. அப்போதும் ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை தேவைப்பட்டது, இரண்டாம் முயற்சியில்தான் மகள் பிறந்தாள். எடை குறைந்ததால் பிறந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

*

என்னிடம் எடையைக் கூட்டச் சொன்னார்கள். 41 கிலோ, தினமும் ஓட்டம், எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை. ஒல்லியாக இருந்தால் எல்லாம் சரி என்றே நினைத்திருந்தேன். ஓட்டத்தைப் பாதியாக்கி 5 கிலோ ஏறிய பிறகு திரும்ப வந்தது. இன்னும் கருத்தரிக்கவில்லை.

*

முதலில் எழுதியவள்தான். மேலே அந்தச் சகோதரர் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கோப்பைப் புரட்டினேன். என் கணவரின் விந்தணு அறிக்கை மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வியாழக்கிழமை இருவருமே போகிறோம். மெஷினில் முதலில் அவர் ஏறட்டும்.