எட்டிய வயதின் அடுக்கு தலைகீழாக வருகிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். மருத்துவ இயற்பியல் முதுகலை மாணவன் நான். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் 1958–1998 புற்றுநோய்த் தரவை (1,05,427 பேர், 17,448 புற்றுநோய்கள்) எடுத்து, 2007-இல் வெளியான ஆய்வின் கணக்கை நானே போட்டுப் பார்க்கிறேன். 30 வயதில் கதிர்வீச்சு பட்டவருக்கு 70 வயதில், ஒரு கிரேக்கு (கதிர்வீச்சு டோஸின் அலகு) கூடுதல் சார்பு இடர், அதாவது கதிர்வீச்சு படாதவரைவிட எத்தனை மடங்கு கூடுதல் இடர் என்பது, 0.47 வர வேண்டும். எனக்கு 0.8-ஐத் தாண்டுகிறது. எட்டிய வயதின் (கணக்கெடுக்கும்போது உள்ள வயதின்) அடுக்கு, அதாவது வயது ஏற ஏற அந்த இடர் எப்படி மாறுகிறது என்று காட்டும் அடுக்குக்குறி, மைனஸ் 1.65-க்குப் பதில் பிளஸ்ஸில் நிற்கிறது. மூன்று வாரமாகிறது.

ஆர் (R) மென்பொருளில் பாய்சான் மாதிரி (எண்ணிக்கைத் தரவுக்கான புள்ளியியல் மாதிரி). வழக்கமான மடக்கை இணைப்பு டோஸை அடுக்குக்குறியில் ஏற்றிவிடும். இங்கே வேண்டியது நேர்கோடு. அதனால் லைக்லிஹூட்டை (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் சார்பை) நானே எழுதி, ஆரில் உச்சம் தேடித் தரும் ஆப்டிமில் (optim) ஓட்டினேன்.

பார்த்தவை: டோஸ் மில்லிகிரேயில் இருந்ததைக் கிரேக்கு மாற்றியாயிற்று. குடல் டோஸ்தான், நியூட்ரானுக்குப் பத்து மடங்கு எடையும் உண்டு. குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாதவர்களை நீக்கியும் ஓட்டினேன், மாற்றமில்லை. தொடக்க மதிப்புகளை இருபது விதமாக மாற்றினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது, ஆகவே ஆப்டிம் மீது எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் பின்னணி வீதத்தின் (கதிர்வீச்சு இல்லாமலே வரும் புற்றுநோய் வீதத்தின்) மீதுதான். அதில் மடக்கை வயது ஒரே ஒரு உறுப்பாக, இரு பாலினத்துக்கும் பொதுவாக இருக்கிறது. வயதோடு தானாக ஏறும் புற்றுநோயைக் கதிர்வீச்சின் கணக்கில் எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது.

இந்தத் தரவில் வேலை செய்தவர்களிடம் கேட்கிறேன்: பின்னணி வீதத்தைப் பாலினம், நகரம், வயது வாரியாகத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தீர்களா, வாய்பாடாகவே எழுதினீர்களா?