என் மெட்டிலேயே ஏஐ இசை அமைக்குமா? எங்கே தொடங்குவது?

கேள்வி: தமிழ் டீச்சர்

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஆண்டு விழாவுக்கு எட்டு வரியில் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். மெட்டும் தயார். பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்ததைப் போனில் பதிந்து வைத்தேன். ஸ்வரம் எழுதத் தெரியாது, வாத்தியம் எதுவும் பழகியதில்லை.

ஒரு ஏஐ செயலியில் வரிகளைக் கொடுத்து, ‘தமிழ் நாட்டுப்புறப் பாட்டு’ என்று கேட்டேன். உடனே பாட்டு வந்துவிட்டது. ஆனால் ‘எங்கள் பள்ளி’ என்பதை ‘எங்கள் பல்லி’ என்று பாடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ல, ள வேறுபாட்டைத் தினமும் சொல்லித் தருகிறேன். அவர்கள் முன்னால் இதைப் போட மனசு வரவில்லை. மெட்டும் என்னுடையது இல்லை. கையில் போனும் பள்ளி லேப்டாப்பும்தான் இருக்கின்றன. வழி சொல்லுங்கள்.

பதில்: கீபோர்டுக்காரன்

டீச்சர், மெட்டு உங்களிடம் இருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். வரிகளை மட்டும் கொடுத்தால் மெட்டை அதுவே போட்டுக்கொள்ளும். அதனால் வரிகளோடு உங்கள் குரலையும் கொடுங்கள். சுனோ போன்ற ஏஐ இசைச் செயலிகளில் ஆடியோவை ஏற்றி, அதன் மேல் இசை கேட்கலாம்.

பதிவில்தான் முக்கால்வாசி வேலை. சீராக ‘டிக் டிக்’ என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு, ஒரு காதில் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். தாளம் தள்ளாடினால் பின்னால் வரும் தவிலும் தள்ளாடும்.

அப்புறம், ‘நாட்டுப்புறம்’ என்ற ஒரு சொல் போதாது. என்ன வாத்தியம், என்ன வேகம், ஒரு தாளச் சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்று கைதட்டி எண்ணிப் பார்த்து எழுதுங்கள். எண்ணிக்கை சொல்லாவிட்டால் பெரும்பாலும் ஃபோர் ஃபோருக்கே, அதாவது நாலு எண்ணிக்கைக்கே இழுத்துக்கொண்டு போகும். ராகமும் அப்படித்தான். மோகனம் என்று பெயர் சொன்னாலும் நடுவில் அந்த ராகத்தில் இல்லாத ம, நி நுழைந்துவிடும். ச ரி க ப த, இந்த ஐந்து மட்டும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

மெட்டைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், ஸ்பாட்டிஃபை 2022-ல் இலவசமாக வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற கருவி இருக்கிறது. பாடியதை மிடியாக, அதாவது கணினி படிக்கும் ஸ்வரக் குறிப்பாக மாற்றித் தரும். நம் கமகங்களை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை அது உதிரி ஸ்வரங்களாக எழுதிவைக்கும், அவற்றை அழித்துவிடலாம்.

உச்சரிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பின்னணி இசையை மட்டும் எடுங்கள், பிள்ளைகளே பாடட்டும். ள-வை உங்கள் வகுப்பைவிடச் சரியாக எந்த இயந்திரமும் சொல்லாது.

பதில்: மேடைப் பாடகி

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் டீச்சர். சுனோவில் இலவசக் கணக்கில் எடுத்த பாட்டை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. பள்ளி விழாவில் போடலாம், காசு வாங்கும் சேனலில் ஏற்ற வேண்டாம். புகழ்பெற்ற பாடகர் குரலில் கேட்கும் ஆசையும் வேண்டாம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் 2024-ல் ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்தார். குரல் வளர்த்தவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும்.

பதில்: தமிழ் டீச்சர்

இருவருக்கும் நன்றி. சார் சொன்னபடி கைதட்டி எண்ணிப் பார்த்தேன். நாலு வரவில்லை, ஆறு வருகிறது! சின்ன வயதில் கும்மி தட்டிய அதே தட்டு. அந்தச் செயலியின் பாட்டு ஏன் ஒட்டவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

பதில்: கீபோர்டுக்காரன்

அதுதான் சிக்ஸ் எய்ட், மூன்று மூன்றாக எண்ணும் நம் திஸ்ரம். அப்படியே எழுதுங்கள். வேகத்தையும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணாகப் போடுங்கள்.

பதில்: தமிழ் டீச்சர்

நேற்று ஏழு தடவை முயன்றேன். ஆறாவதில் பறையும் நாயனமும் என் மெட்டைப் பிடித்துக்கொண்டன. மூன்றாம் வரியில் மட்டும் அடி தாண்டுகிறது. கேட்டுப் பார்த்தால் தவறு என் பதிவில்தான், அங்கே மூச்சு வாங்கியிருக்கிறேன். மதிய இடைவேளையில் பிள்ளைகளைத் தட்டச் சொல்லி, மறுபடியும் பதிகிறேன்.