பாபுஷ்காவுக்குத் துருக்கி உறவா?

துருவன்77:
ரஷ்ய மொழியில் பாட்டி ‘பாபுஷ்கா’, அதன் வேர் ‘பாபா’. அப்பா ‘அத்யேத்ஸ்’. துருக்கியிலோ ‘பாபா’, ‘அதா’ இரண்டுமே தந்தை. ரஷ்யர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல், துருக்கி இன மொழி பேசிய தாத்தாரியருக்குக் கப்பம் கட்டியவர்கள். பெரியவர்களைக் கூப்பிடும் சொற்கள் அங்கிருந்துதான் வந்தன என்பது என் கட்சி.

கீழைக்காற்று:
தாத்தாரியர் வந்தது 13-ஆம் நூற்றாண்டில். செக் பாட்டி ‘பாபிச்கா’, பல்கேரியப் பாட்டி ‘பாபா’. இவர்களும் மாஸ்கோ போய்க் கடன் வாங்கினார்களா? துருக்கி பாபா ஆண், ஸ்லாவிய (ரஷ்யன், செக், பல்கேரியன் சேர்ந்த மொழிக் குடும்பம்) பாபா பெண். வழியில் பாலும் மாறிவிட்டதாக்கும்! குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் இவை. மொழியியலாளர் யாக்கப்சன் 1960-லேயே இதை விளக்கிவிட்டார்.

துருவன்77:
பாபா கிடக்கட்டும். ‘அதா’வுக்கு என்ன பதில்?

கீழைக்காற்று:
பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘அத்தா’, இன்றைய துருக்கி மண்ணில் துருக்கியருக்கு வெகு முன்பே பேசப்பட்ட ஹிட்டைட்டிலும் கிட்டத்தட்ட அதே சொல். அதுவும் மழலைதான். ஸ்லாவியர் அதோடு ஒரு செல்ல விகுதியை ஒட்டிக்கொண்டார்கள்; அதுதான் ‘அத்யேத்ஸ்’. சமஸ்கிருத ‘பிதர்’, லத்தீன் ‘பாத்தர்’ வகைச் சொல் அவர்களிடம் தந்தை என்ற பொருளில் நிற்கவில்லை.

பழைய ஏடு:
இருவரும் பாட்டியிலேயே நிற்கிறீர்கள். சுவை மாமாவிடம் இருக்கிறது. போலிஷில் அப்பாவின் சகோதரர் ‘ஸ்த்ரிய்’, அம்மாவின் சகோதரர் ‘வுய்’. நம் சித்தப்பா, மாமா போலத்தான். இரண்டாவது சொல் லத்தீன் ‘அவுங்குலுஸ்’ஸுக்கு உறவு. ரஷ்யாவிலும் முன்பு இது இருந்தது. பழைய கீவ் நாளாகமம் தோப்ரீன்யாவை இளவரசர் விளதீமிரின் ‘ஊய்’ என்கிறது. தாய் மாலுஷாவின் அண்ணனோ தம்பியோ அவர். வடக்கே நோவ்கொரோத் நகரத்தார் தங்களை ஆள ஒரு இளவரசன் கேட்டு வந்தபோது, “விளதீமிரைக் கேளுங்கள்” என்று தூண்டிவிட்டவரும் இந்த மாமாதான். பின்னாளில் ‘த்யாத்யா’ என்ற ஒரே சொல் இரண்டு முறையையும் விழுங்கிவிட்டது.

துருவன்77:
ஸ்லாவிய மொழி பேசும் போஸ்னியாவில் சித்தப்பா ‘அமிஜா’, மாமா ‘தாயிஜா’. துருக்கியின் ‘அம்ஜா’, ‘தாயி’ அப்படியே. சொந்தச் சொல் இருந்தும் கடன் வாங்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கீழைக்காற்று:
வாங்கியது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். அதே நாட்டுக் கத்தோலிக்க வீட்டில் இன்றும் ‘ஸ்திரிட்ஸ்’, ‘உயாக்’தான். உஸ்மானியத் துருக்கியர் 1463-லேயே போஸ்னியாவைப் பிடித்துவிட்டார்கள், நாலு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். அப்படியும் பக்கத்து வீட்டு மாமா மாறவில்லை. கப்பம் வாங்கிக்கொண்டு புல்வெளியில் இருந்துவிட்ட தாத்தாரியரா ரஷ்யப் பாட்டியின் பெயரை மாற்றியிருப்பார்கள்?