வாயில்லா ஜீவன்

என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்து, "வாயில்லா ஜீவன், பாவம்" என்பார்கள். மாட்டைப் பார்த்தாலும் அதே ஆட்கள் அதையேதான் சொல்வார்கள். பரிவோடு சொன்னதால் எங்களால் மறுத்தும் பேச முடியவில்லை.

அவன் படித்த பள்ளியில் சைகைக்குத் தடை. கை அசைந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். வீட்டில் நான்தான் வாத்தியார். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'பா' சொல்ல வைப்பேன். காகிதம் படபடத்தால் சரி. 'மா'வுக்கு மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் "பாடு" என்றேன். அவன் தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டினான். கத்திவிட்டேன். அப்புறம் கண்ணாடி முன் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். பாடு, மாடு. உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது!

கையைக் கண்டு ஏன் இத்தனை பயம் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். குரல் விலங்குக்கும் உண்டு, பேச்சு மனிதனுக்கு மட்டுமே என்றார் அரிஸ்டாட்டில். பிறவியிலேயே காது கேளாதவர்களுக்குக் குரல் உண்டு, பேச்சு இல்லை என்றும் அவரே எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அண்ணன் எந்தப் பக்கம் போவான்? ஆறாம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டப்படி அவனைப் போன்றவர் உயில்கூட எழுத முடியாது. விலங்குகளை இயந்திரம் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்த்தே 1637இல், பேச முடியாதவர்கள் தாங்களே சைகைகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லி அவர்களை மனிதர் பக்கம் வைத்தார். ஆனால் 1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகையைத் தள்ளிவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்கே தீர்மானம் போட்டது. அண்ணன் கைமேல் உட்கார்ந்தது அதன் வால்தான்.

நம் பக்கமும் சுத்தமில்லை. புறநானூறு 28ஆம் பாட்டு எட்டு எச்சங்களை, அதாவது பிறவிக் குறைகளை, அடுக்கும்போது 'ஊமும் செவிடும்' என்கிறது. அடுத்த சொல்லே 'மாவும்'. விலங்கு வடிவில் பிறந்தது என்று உரை.

அமெரிக்கச் சைகைமொழிக்குத் தனி இலக்கண அமைப்பு உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் காட்டினார். அண்ணன் அதையெல்லாம் படிக்கவில்லை. பள்ளியை விட்டபின் கேளாத நண்பர்களிடமே சைகை கற்றுக்கொண்டான். இப்போது அவர்கள் கூடினால் கை பறக்கும், சிரிப்பு வெடிக்கும். நான் பாதி புரியாமல் விழிப்பேன். அண்ணன் என்னைச் சுட்டிக்காட்டி, தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைப்பான்.