இன்கம்பேட்டிபிள் = பகை? (கழிவு லேபிளுக்கான சொல்)

நண்பர்களுக்கு வணக்கம்.

லேப் கழிவு கேன் லேபிள்ல ஹசார்டஸ் வேஸ்ட்டுக்கு (ஆபத்தான கழிவுக்கு) எந்தத் தமிழ்ச் சொல் எழுதலாம்னு போன வாரம் நம்ம குழுவுல ஓடின பேச்சுல நான் கலந்துக்க முடியல, இப்பதான் எல்லா மடலையும் படிச்சேன். 'நச்சுக்கழிவு' வேணாம்னு அக்கா சொன்னது ரொம்பச் சரி, அசிட்டோன் கேன்ல நாம பயப்படவேண்டியது நஞ்சுக்கு இல்ல, தீக்குத்தான். தீப்பிடிக்கிறது, அரிக்கிறது, வெடிக்கிறது, நஞ்சு எல்லாத்தையும் ஒரே சொல் தாங்கணும்னா 'அபாயக் கழிவு' போதும். ஐயா சொன்ன 'ஊறுகழிவு' (ஊறுன்னா தீங்கு) நல்ல பழைய சொல்லாட்சி, ஆனா இன்னைக்கு 'ஊறு'ன்னு பாத்ததும் ஊறப்போட்டதுன்னுதான் தோணும், கேன் மேல ஒட்டுற சொல்லுக்கு அந்த ஒரு நொடி தடுமாற்றமே கூடாதுங்க ஐயா.

எனக்கு உறுத்துறது இன்னொரு சொல், இன்கம்பேட்டிபிள், அதாவது ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாத பொருள்கள். பாடப்புத்தக பாணியில 'பொருந்தா வேதிப்பொருள்'னு சிலர் எழுதுறாங்க, 'ஒவ்வாக் கழிவு'ன்னு இங்கயே ஒரு யோசனை வந்துச்சு. பொருந்தலன்னா என்ன, மூடி பாட்டிலுக்குப் பொருந்தலன்னும் சொல்றோம், அதுல உயிர் போற ஆபத்து தெரியல. ஒவ்வாமைய அலர்ஜி மொத்தமா எடுத்துக்கிச்சு.

நான் எம்எஸ்சி படிச்சப்ப எங்க லேப்ல மெத்தனால் கழிவு இருந்த பாட்டில்ல யாரோ நைட்ரிக் அமிலக் கழிவ ஊத்தி மூடிய இறுக்கித் திருகி வச்சிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி வெடிச்சிருக்கு. காலைல கதவத் தொறந்தா ஃபியூம் ஹூட் (கெட்ட புகைய வெளிய இழுக்குற அடைப்பு) முழுக்க பழுப்புக் கண்ணாடிச் சில்லு, ஆள் இல்லாத நேரமா போச்சு. நைட்ரிக் அமிலம் ஆல்கஹாலோட சேந்தா முதல்ல ஒண்ணும் தெரியாது, மெதுவா சூடாகும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும், வாயு வந்துகிட்டே இருக்கும், மூடி இறுக்கமா இருந்தா அது போக வழி இல்ல. அந்த பாட்டில் மேல 'வேஸ்ட்'னு ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்துச்சு. என்ன இருக்குன்னே இல்ல, எதோட சேரக்கூடாதுங்கிறது அப்புறம்.

நான் சொல்ல வர்ற சொல் 'பகை'. சித்த மருத்துவத்துல சரக்குகள நட்புச் சரக்கு, பகைச் சரக்குன்னு பிரிக்கிறாங்க, சத்துரு மித்துருன்னும் சொல்வாங்க. அவங்க பட்டியல் வேற, நம்ம வேதியியல் பட்டியல் வேற, சொல்ல மட்டும்தான் எடுக்கிறேன். சோசியத்துலயும் கிரகங்களுக்கு நட்பு, சமம், பகை இருக்கு, அதனால கழிவு கேன தூக்கிட்டுப் போற அட்டெண்டர் அண்ணனுக்கும் விளக்கமே வேணாம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமா படுது. அபாயம் ஒரு பொருளோட குணம், பகை ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குறது. தனியா இருக்குற சோடியம் சயனைடு கரைசல ஒழுங்கா மூடி வைக்கலாம், அமிலம் பட்டா உயிரைக் கொல்ற ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அதனாலதான் 'பகைக்கழிவு'ன்னு ஒரு வகைய உண்டாக்காதீங்கன்னு கேட்டுக்கிறேன், அப்படி ஒரு வகையே கிடையாது. லேபிள்ல 'பகை'ன்னு ஒரு வரி போதும்:

கழிவு: நைட்ரிக் அமிலம். பகை: ஆல்கஹால், அசிட்டோன், எந்தக் கரிமக் கரைப்பானும்.
கழிவு: சோடியம் அசைடு. பகை: அமிலம், செம்பு, ஈயம்.

ரெண்டாவது வரிய கவனிங்க, சிங்க்குல ஊத்தினா பகை அடியில இருக்குற குழாய்லயே இருக்கு. செம்பு, ஈயக் குழாய்ல படிஞ்சு உண்டாகுற அசைடு உப்பு லேசான அடிக்கே வெடிக்கும், பின்னால குழாய் ரிப்பேருக்கு வர்றவரு பாவம்.

தமிழ்ல லேபிள் எழுதுறது நம்ம ஆசை மட்டும் இல்ல. இந்திய அரசோட 2016 அபாயக் கழிவு விதிகள்ல இருக்குற லேபிள் மாதிரிப்படி பின்னணி பளிச்சுனு மஞ்சளா இருக்கணும், அபாயக் கழிவுங்கிறதும் கவனமா கையாளணும்ங்கிறதும் சிவப்புல, இந்தி, ஆங்கிலத்தோட வட்டார மொழியிலயும் இருக்கணும். நான் பாத்த கேன்கள்ல தமிழ் இல்லவே இல்ல. யாழ்ப்பாணத்து நண்பர் 'இரசாயனம்'னு எழுதுவார், நான் 'வேதி'ன்னு எழுதுவேன், பகை ரெண்டு பேருக்கும் பொது.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு இடிக்குது. குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரம் இல்லாத வரைக்கும் பெருசா சண்டை போடாது, கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மாதிரி காரம் உள்ள போச்சுன்னா சூடாகிப் பொங்கி பாட்டிலையே உடைச்சிடும். அந்த மூணாவது ஆளுக்கு 'பகைமூட்டி'ன்னு வைக்கலாமா? வினையூக்கின்னு சொன்னா பாடத்துல வர்ற அர்த்தத்தோட குழம்பும். 'குளோரோஃபார்ம், பகை: அசிட்டோன், மூட்டி: காரம்'னு எழுதிப் பாத்தேன், எனக்குப் புரியுது, புதுசா படிக்கிற பிள்ளைக்குப் புரியுமான்னு அக்காதான் சொல்லணும், அவங்கதான் தினமும் முதலாமாண்டுப் பிள்ளைங்களோட இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா நல்லது, லேபிள் அச்சுக்குப் போகுது.